காயத்தில் குடியேறியது

கருப்பைச் சுவரைக் கிழித்துக்கொண்டு ஒரு கரு உள்ளே நுழைந்தது. சுவர் சிவந்து வீங்க, காவலுக்கிருந்த ரத்த வெள்ளணு ஓடிவந்தது.

"யாரைக் கேட்டுச் சுவரை உடைச்சே?"

"உடைக்காம எப்படி வேர் விடுறது? பசிக்குது" என்றது கரு.

வெள்ளணு உற்றுப் பார்த்தது. பாதிச் சாயல் இந்த வீட்டினுடையது, மீதி வேற்றாளுடையது. விரட்டிவிடத்தான் நெருங்கியது.

"இருப்பா" என்றது சுவர். "வலிக்கத்தான் செய்யுது. போன தடவை வந்ததை நீ விரட்டினே. நானும் உதிர்ந்து, மறுபடி முளைக்க வேண்டியதாப்போச்சு. இந்த வீக்கத்தாலதான் ரத்தம் வருது, அது குடிக்கட்டும்."

வெள்ளணு பின்வாங்கியது. பிறகு காயத்தைச் சுற்றிப் புது ரத்தக்குழாய்களுக்கு வழி வெட்டிக்கொடுத்தது. கரு குடித்தது. வீக்கம் மெல்ல வடிந்தது.

சண்டைக்கு வந்த மற்ற வெள்ளணுக்கள், "உள்ளே யாரது?" என்று கேட்டன.

"நம்ம வீட்டுப் பிள்ளைதான். சத்தம் போடாதீங்க" என்றது காவல் வெள்ளணு.