மூச்சுத் துளை

உறைந்த கடலுக்கு அடியில் அக்காவும் தங்கையுமாக இரண்டு கடல்நாய்கள் இருந்தன. மூச்சுவிட ஆளுக்கொரு பனித்துளை. மூடிவிடாமல் தினமும் நகத்தால் பிறாண்ட வேண்டும்.

ஒருநாள் ஒரு கப்பல் பனியைப் பிளந்துகொண்டு போனது. பின்னால் தண்ணீர் அகலமாகத் திறந்து கிடந்தது.

"இனி எதுக்குக்கா பிறாண்டணும்?" என்றது தங்கை.

"அது நம்மளக் கேட்டா வந்துச்சு?" என்று அக்கா பிறாண்டிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் கப்பல் போன வழி மறுபடி உறைந்துவிட்டது. தங்கையின் துளையும் மூடியிருந்தது. மூச்சு முட்ட, அக்காவிடம் நீந்தி வந்தது.

"நீ முதல்ல போ."

தங்கை மேலே போய்ச் சட்டென்று நின்றது. துளையில் வெளிச்சம் இல்லை. வெள்ளைக் கரடி ஒன்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா, வேற துளை?"

"இது ஒண்ணுதான்டி."

கரடிக்கும் அது தெரிந்திருந்தது.