மருதமரத்தின் கைதட்டல்

ஆற்றுப்பனி ஏறிவரும் வேளையில் அந்த மருதமரம் தரையை விட்டு மிதப்பதுபோல இருக்கும். மரங்கொத்திக்கு அப்போதுதான் அதன்மேல் ஆசை பொங்கும். பட்டையோடு தலையைச் சாய்த்துக் கேட்பாள். உள்ளே புழு குடையும் சத்தம் வந்தால் அந்த இடத்தைக் கொத்தி, புழுவை எடுத்துவிடுவாள்.

ஒருநாள் கிளி ஒன்று தன் பொந்து வாசலில் நின்று பேசியது. "என் சொந்தங்களே, உலகத்திலேயே உசத்தி நம்ம மரம்தான். இதில் புழுவே கிடையாது. இருக்கிறது என்பவர்கள் அக்கரை மரத்து ஆட்கள்."

கிளிகள் அதையே திருப்பிச் சொல்லின. சொல்லச் சொல்ல இனித்தது.

"நானும் இந்த மரத்தில் பிறந்தவள்தான்," என்றாள் மரங்கொத்தி. "வடக்குக் கிளை உள்ளே பொடிந்துகொண்டு வருகிறது. உங்கள் குஞ்சுகள் அங்கேதானே இருக்கின்றன? கொஞ்சம் கொத்த விடுங்கள்."

"கேட்டீர்களா? நம்ம மரத்தை அடிக்க இவளுக்கு அனுமதி வேண்டுமாம்," என்றது கிளி. அது நின்றுகொண்டிருந்த பொந்தே இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கொத்தியதுதான். அதைச் சொல்லிக்காட்ட அவளுக்கு மனசு வரவில்லை. கூட்டம் அவளை அக்கரைக்குத் துரத்திவிட்டது.

மறுநாள் விடிகாலை, பனி விலகுமுன் திரும்பி வந்தாள். யார் கண்ணிலும் படாமல் வடக்குக் கிளையில் மெல்லக் கொத்த ஆரம்பித்தாள்.

"என்ன சத்தம் அது?" என்றன கிளிகள், தூக்கக் கலக்கத்தில்.

நேற்றுப் பேசிய கிளி இப்போது அவர்களுக்குத் தலைவர். பொந்துக்குள்ளிருந்து அவர் கொட்டாவி விட்டார். "மரம் எனக்குக் கை தட்டுகிறது. தூங்குங்கள்."

அவள் அலகு ஒரு கணம் நின்றது. புழு இன்னும் உள்ளேதான் இருந்தது. மறுபடியும் தட்டினாள்.