தொட்டிக்கு அடியில்

ராஜபாளையத்துப் பட்டறையின் தகரக் கூரை உச்சிவெயிலில் காய்கிறது. மெக்கானிக் இருளப்பசாமி லோடு வண்டியின் பின்தொட்டியைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். துருவேறிய கடைசி போல்ட் அசைய மறுத்துக் கிறீச்சிடுகிறது. சாயங்காலம் மம்சாபுரத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குப் போக வேண்டிய வண்டி இது. அடியில் ஏதோ முனகுகிறது என்று பிடிவாதமாக இங்கே ஓட்டி வந்தவள் முனீஸ்வரி. அவள் கணவன் சமுத்திரம் ஓரிடத்தில் நிற்காமல் வாசலுக்கும் வண்டிக்கும் நடக்கிறான்.

"ஏட்டி, ஒனக்கு மட்டும் என்ன சத்தம் கேக்குது? ஒண்ணும் இல்லைன்னா பாத்துக்க."

அவள் சேலை நுனியை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள், மறுபடி சுற்றுகிறாள். போல்ட் தெறிக்கிறது. இருளப்பசாமி கப்பிச் சங்கிலியை இழுக்க இழுக்கத் தொட்டி ஆடியபடி மேலே எழுகிறது. இடுக்கிலிருந்து பருத்தித் துணுக்குகள் உதிர்கின்றன. தொட்டியைத் தாங்கியிருந்த இரும்புச் சட்டத்தின் சேற்றை இருளப்பசாமி துணியால் துடைக்கிறார். துணி ஓரிடத்தில் சிக்குகிறது. சட்டம் பாதிக்கு மேல் பிளந்திருக்கிறது.

"இதுல ஆள ஏத்திருந்தா நடுரோட்டுல ரெண்டா முறிஞ்சிருக்கும்" என்கிறார்.

சமுத்திரம் நடப்பதை நிறுத்துகிறான். முனீஸ்வரி உடனே போனை எடுக்கிறாள். "மதினி, வண்டி வராது. எல்லாரும் பஸ்ல போயிருங்க." சமுத்திரம் அந்தப் பிளவையே பார்த்தபடி தரையில் உட்கார்கிறான்.

"நேத்து நம்ம பிள்ளைகளும் இதுலதானட்டி வந்துச்சுக."