எட்டாத உச்சித் தட்டு

ஓர் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டருக்குள், செய்திகளை வெளியே கொண்டுபோய் விடும் வேலை பார்த்துவந்தது நெட்வொர்க் டிரைவர் என்ற ஒரு பழைய மென்பொருள். அன்று காலை அங்கே, தகவல்களை அடுக்கி வைக்கும் பல தட்டுகளோடு, பெரிய மெமரி ஒன்று புதிதாகக் குடிவந்தது. அப்போதிலிருந்து ஒரு செய்தியும் வெளியே போகவில்லை. ஆபரேஷனுக்குக் காத்திருந்த ஒரு பெண்ணின் ரத்தப் பரிசோதனை முடிவும் உள்ளேயே கிடந்தது.

"வெளியே போற கேபிள்தான் பழுது," என்றது மெமரி.

"நேத்துவரைக்கும் நல்லாத்தானே இருந்தான்? அவனைச் சொல்லாதே," என்றது டிரைவர். "நீ அந்த முடிவை எங்கே வச்சே?"

"உச்சித் தட்டுல. என் உயரத்தைப் பார்த்தியா!"

டிரைவர் எம்பிப் பார்த்தது. பாதி உயரம்கூட எட்டவில்லை. அதற்காக அது கூனிக் குறுகவில்லை.

"என் கை இவ்வளவுதான் நீளும். எனக்கு வேண்டியதைக் கீழ்த் தட்டுல வை. மறு நொடி போய்ச் சேர்ந்துடும்."

மெமரி முணுமுணுத்துக்கொண்டே இறக்கி வைத்தது. டிரைவர் அதை அள்ளிக் கேபிளிடம் கொடுத்தது. அந்தப் பக்கம் டாக்டர் படித்துவிட்டு, "ஆரம்பிக்கலாம்" என்றார்.

"அப்போ என் மேல் தட்டெல்லாம் எதுக்கு?" மெமரியின் குரல் இறங்கியிருந்தது.

"அந்த உயரம் எட்டுற புது டிரைவருங்க வருவாங்க. துடைச்சு வை," என்றது டிரைவர், அடுத்த செய்தியை எடுத்தபடி.