பீரோவில் கிடைத்த ரேகை

நகை திருடு போன வீட்டில் கைரேகை எடுக்கப் போன வான்மதிக்கு, கதவைத் திறந்த சொர்ணத்தம்மாளைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. மூன்று மாதம் முன்பு இவளைப் பெண் பார்த்து, இரண்டு தட்டு பஜ்ஜியும் தின்றுவிட்டுப் போன குடும்பம். ‘பையன் வாயே திறக்க மாட்டேங்கிறான்’ என்று தரகர் சொன்னதோடு சரி. பிடிக்கவில்லை என்றாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

“எதையும் தொடலையேம்மா?”

“போலீஸ் வர்ற வீடு அலங்கோலமா இருக்கலாமா? பீரோவை சோப்புத் தண்ணி போட்டுத் துடைச்சு வச்சிருக்கேன்.”

திருடன் கேட்டிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். வான்மதி பல்லைக் கடித்துக்கொண்டு, வழக்கப்படி வீட்டாரின் ரேகைகளை முதலில் எடுத்தாள். மகன் பரணிதரனின் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகப் பிடித்து மையில் உருட்ட வேண்டியிருந்தது.

“கையைத் தளர விடுங்க, சார்.”

“விட்டாச்சுங்க. அதுவா நடுங்குது.”

பீரோவுக்குள் சொர்ணத்தம்மாளின் துடைக்கும் துணிக்குத் தப்பியது ஒன்றே ஒன்றுதான். பரணிதரனின் சட்டைகளுக்கு அடியில் ஒரு புகைப்படம் கவிழ்ந்து கிடந்தது. திருப்பினால், தரகரிடம் கொடுத்த அவளுடைய படம். கறுப்புப் பொடியைத் தூரிகையால் தடவினாள். கன்னம், நெற்றி, ஜிமிக்கி என்று இடம் விடாமல் ஒரே பெருவிரலின் ரேகை, நாற்பது தடவையாவது இருக்கும். லென்ஸை வைத்து, மை காயாத தாளோடு ஒப்பிட்டாள். பரணிதரன் சுவர்க் காலண்டரை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தான்.

“யாராவது சிக்கினானா?” என்று சொர்ணத்தம்மாள் எட்டிப் பார்த்தாள்.

வான்மதி படத்தை உறைக்குள் போட்டு ஒட்டினாள்.

“ஒருத்தர் சிக்கியிருக்கார், அத்தை.”