செலவு கூடின வழி

முதலில் தப்புச் செய்தவன் சிவசைலம். அதை யாரும் மறந்துவிடக் கூடாது.

என் வீட்டுக்காரி ஆவுடைத்தாய் இறந்தபோது அவன் துட்டி கேட்க வரவில்லை. ஊரில்தான் இருந்தான். கல்லிடைக்குறிச்சியில் பாதிப் பேர் என் வாசலில் வந்து உட்கார்ந்து எழுந்து போனார்கள். அப்பளக் கம்பெனியில் எனக்குச் சரிபாதிக் கூட்டாளி, அடுத்த தெருக்காரன், அவன் வரவில்லை. அன்றைக்குக் கம்பெனியைக்கூட அடைக்கவில்லை.

அதோடு பேச்சு நின்றது. நான் கம்பெனிப் பக்கமே போவதில்லை. என் பங்கு பேங்கில் விழும். மகன் கனடாவில். நான் சமைத்து நானே சாப்பிடுகிறேன்.

போன வருஷம் சங்கரி என்று ஒரு பெண் லேப்டாப்போடு வந்தாள். கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தவள். சிவசைலம்தான் அனுப்பியிருந்தான்.

எங்கள் அப்பளத்தை வாங்குகிற துபாய் வியாபாரி இனிமேல் சரக்கு விவரத்தை எல்லாம் பிளாக்செயினில் ஏற்றச் சொல்கிறானாம். ஒரே பதிவு பல ஊர்க் கம்ப்யூட்டர்களில் ஏறிக்கொள்ளும், பிறகு யாராலும் அழிக்க முடியாது என்றாள். பதிவு ஏறியதும் பணம் தானாக வந்துவிடும். அப்படி எழுதி வைப்பதற்குப் பெயர் ஸ்மார்ட் கான்ட்ராக்ட். ஆனால் ஒவ்வொரு பதிவுக்கும் கட்டணம் உண்டு. எழுதுகிற விதத்தைப் பொறுத்து அது கூடும், குறையும்.

மூன்று விதமாக எழுதி, மூன்றுக்கும் செலவை ஒப்பிட்டுக் கொண்டுவந்திருந்தாள். ஒரு வாரச் சரக்கை மொத்தமாகச் சேர்த்து சிவசைலம் மட்டும் சம்மதத்துக்குப் போனில் விரல் வைத்தால் செலவு சொற்பம். அவனே தினமும் வைத்தால் கொஞ்சம் கூடும். அவனும் நானும் தினமும் தனித்தனியாக வைத்தால் எக்கச்சக்கம்.

எனக்கு விளங்கிவிட்டது. செலவைக் காட்டி என்னைக் கழற்றிவிடப் பார்க்கிறான்.

"எதுல செலவு கூட?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் தெனம் வைக்கதுதான், அண்ணாச்சி."

"அதையே போடு, தாயி."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் போனை வாங்கி ஏதோ செய்து கொடுத்துவிட்டுப் போனாள். செலவில் பாதி என் தலையில்தான் விழும். விழட்டும், மீதிப் பாதி அவன் தலையில்.

மறுநாளிலிருந்து காலையில் காப்பி குடித்து முடிக்கும்போது போன் அடிக்கும். இங்கிலீஷில் ஏதோ வரும். எனக்கு அது வாசிக்கத் தெரியாது. கட்டைவிரலை வைத்தால் அடங்கிவிடும். சில நாள் அந்தச் சத்தத்துக்காகத் தம்ளரைக் கழுவாமல் உட்கார்ந்திருப்பேன். அதை விட்டால் அன்றைக்கு முழுக்க என்னைக் கூப்பிட யாரும் கிடையாது.

ஐப்பசியில் ஆவுடைத்தாய் நினைவு நாள் வந்தது. விடாத மழை. கூடத்தில் அவள் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

இந்த நாளில்கூட அவனுக்குச் சரக்குதான் பெரிதாகப் போயிற்று. நான் விரல் வைக்கவில்லை. போனை அங்கேயே போட்டேன். முன்கதவின் உள்தாழைக்கூட எடுக்காமல், பின்வாசலைப் பூட்டிக்கொண்டு அம்பாசமுத்திரம் பஸ் ஏறினேன். போய் என்ன, பார்க்க ஆள் கிடையாது. ஒரு ஓட்டலில் தேவையில்லாமல் இரண்டாவது காப்பி சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் திரும்பி வந்தால், என் வீட்டு முன்னால் தெருவே நிற்கிறது. முன்கதவு தாழோடு பெயர்ந்து கிடக்கிறது. கம்பெனி டிரைவர் மதார் கையில் கடப்பாரை. கூடத்தில் ஒரு டாக்டர். சங்கரி அழுத முகத்தோடு நின்றாள்.

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிவிட்டது.

"ஒருநாள் சரக்கு நின்னா கதவை உடைப்பியளோ? அம்புட்டு அவசரமாலே அவனுக்கு?"

மதார் கடப்பாரையைப் பைய கீழே வைத்தான். சங்கரிதான் பேசினாள்.

"இன்னைக்குச் சரக்கே கிடையாது அண்ணாச்சி. ஒரு வாரமா மழை. அப்பளம் எங்கன காயுது?"

"பொறவு எதுக்கு என் போன் தெனம் அடிக்கு?"

"அது வெறும் பதிவு. 'இன்னைக்குச் சரக்கு இல்லை'ன்னு ஏத்துதோம். அதுக்கும் கட்டணம் உண்டு. வீண் செலவு, மலிவான வழியே போதும்னு நான் மொதல்லயே சொன்னேன். சிவசைலம் அண்ணாச்சி கேக்கல. 'தனியா கெடக்கான். காலையில அவன் விரல் விழுந்தாத்தான் எந்திரிச்சிட்டான்னு எனக்குத் தெரியும். அந்தச் செலவை எம் பங்குல புடிச்சுக்கோ'ன்னுட்டாவ."

நான் தெருவைப் பார்த்தேன். முனையில் சிவசைலம் நின்றிருந்தான். குடை கையில் மடக்கியபடியே இருந்தது, ஆள் தொப்பலாக நனைந்திருந்தான். என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தான். பிறகு திரும்பி நடந்தான்.

கதவில்லாத வாசல் விரியத் திறந்து கிடந்தது. ஆவுடைத்தாய் படம் தெருவிலிருந்தே தெரிந்தது. உள்ளே வந்து துட்டி கேட்டிருக்கலாம். இன்றைக்கும் கேட்கவில்லை.