எதிரிக்கு ஒரு க்ளோசப்

"அந்தப் பொணத்தை மட்டும் தூக்கிடும்மா. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்றார் சித்தப்பா, டீயை ஊதிக்கொண்டே.

அவள் திரையில் ஓடிய காட்சியை நிறுத்தினாள். பதுங்குகுழி ஓரத்தில் எதிரிப்படை வீரன் ஒருவன் தொப்பி கழன்று, வானத்தைப் பார்த்தபடி கிடந்தான். சித்தப்பா இயக்கிய போர்ப்படம், எடிட்டிங் அவள். படம் முழுக்க எதிரிக்கு முகம் தெரியும் ஒரே ஷாட் இதுதான்.

"நம்ம ஆளுன்னா கேமரா கண்ணீர் வரைக்கும் கிட்டப் போகுது. அவன்னா மட்டும் மலை மேல ஏறி நின்னு எறும்பு மாதிரி பாக்குது. ஏன் சித்தப்பா?"

"அதுதாம்மா என் பார்வை. முகத்தைக் காட்டினா ஜனங்க உச்சுக்கொட்டும். அப்புறம் யார் மேல கோபப்படுறது?"

"நம்ம ஆள் வந்தா வயலின். அவன் வந்தா வெறும் பூட்ஸ் சத்தம். ஒரு வார்த்தை பேசக்கூட விடல."

"பேசினா டப்பிங் செலவு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விடவில்லை. அவள் அண்ணன் நிஜப் போருக்குப் போய்த் திரும்பாதவன். அவனை நினைத்துத்தான் சித்தப்பா இந்தப் படத்தையே எடுத்தார்.

திரையில் கிடந்தவனை எங்கோ பார்த்தது போலவே இருந்தது அவளுக்கு. அண்ணன் சாயல்தான் என்று நினைத்துக்கொண்டாள். கிளம்பிய அன்று காலையில் அவனும் இப்படித்தான் வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கினான். அம்மா இரண்டு முறை தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

"அண்ணனையும் அந்தப் பக்கத்துக்காரங்க எறும்பாத்தான் பாத்திருப்பாங்க" என்றாள்.

சித்தப்பா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இந்த ஷாட் போனா நானும் போறேன். டைட்டில்ல என் பேரையும் எடுத்துடுங்க."

"என்னம்மா, பெரிய வார்த்தையெல்லாம் பேசற?"

"அவன் வீட்லயும் ஒரு தங்கச்சி இருப்பா இல்ல? ஒரு நிமிஷம் அவன் முகத்தைப் பாத்தா உங்க கொள்கை குடிமுழுகியா போயிடும்?"

சித்தப்பா கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார். வெளியே தயாரிப்பாளர் போனில் யாரையோ வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். நாற்காலியை அவள் அருகே இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"கொள்கையும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. அந்தத் துணை நடிகன் ரெண்டாவது சீன்லயே நம்ம பக்கம் நின்னு செத்துட்டான்மா."